கூச்சம் இருந்தாலும் கற்றுக்கொள்ளலாம்: முதல் ரீல்ஸ் டான்ஸுக்கு ஒரு வழிகாட்டி

ஆட ஆசை இருக்கும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் கூடவே இருக்கும். இரவில் படுத்துக்கொண்டு ஒரே டான்ஸ் வீடியோவை இருபது முறை ஓட்டிப் பார்ப்பீர்கள், கை தானாகக் கொஞ்சம் அசையும், அப்புறம் போனை வைத்துவிட்டுத் தூங்கிவிடுவீர்கள். நானும் பல மாதம் இப்படித்தான் இருந்தேன். இது அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது.

அந்த மாதங்களில் நான் செய்த ஒரே தவறு, கூச்சம் போகட்டும், பிறகு ஆடலாம் என்று காத்திருந்தது. அது தானாகப் போகவே இல்லை. ஒரு பாட்டின் ஸ்டெப் முழுக்க மனப்பாடம் ஆன பிறகுதான் குறைய ஆரம்பித்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த உடம்பு பதறாது. நாம் கூச்சம் என்று நினைப்பதில் பெரும்பகுதி, அடுத்த ஸ்டெப் தெரியாத தடுமாற்றம்தான் என்பது என் அனுபவம். அதனால் தைரியத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு டான்ஸை எப்படிப் பிரிப்பது, எந்த வரிசையில் உடம்பில் ஏற்றுவது, கேமராவை எப்போது எடுப்பது, இதைத்தான் சொல்லப்போகிறேன்.

மொத்தமே நான்கு எட்டு

முதலில் இதன் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். சமூக ஊடகங்களில் சுற்றும் பெரும்பாலான டான்ஸ்கள் 15 முதல் 30 விநாடிக்குள் முடிந்துவிடுபவை. டான்ஸ் ஆடுபவர்கள் பாட்டை எட்டு எட்டாக எண்ணுவார்கள். ‘ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்’ என்று சொல்லித் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஓடும் பாட்டில் ஒரு எட்டுக்கு 4 விநாடி ஆகும். அப்படியென்றால் 15 விநாடி வீடியோவில் நான்கு எட்டுகூட முழுதாக வராது. அதிலும் பல அசைவுகள் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் என்று திரும்ப வரும். மலைபோலத் தெரிந்த டான்ஸை நோட்டில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அசைவுகளுக்குள் அடங்கிவிடும்.

எழுதிப் பார்ப்பதை உண்மையாகவே செய்யுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் நீங்களே ஒரு பெயர் வையுங்கள். என் நோட்டில் ‘கதவைத் தள்ளு, தோளைத் தட்டு, தண்ணீரை உதறு, திரும்பிப் பார்’ என்று இருக்கும். அந்த அசைவுகளுக்கு வேறு பெயர்கள் இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ள அவசியம் இல்லை. ‘தண்ணீரை உதறு’ என்று மனதில் சொன்னால் கை தானாக உதறும், அதுதான் தேவை.

எந்த டான்ஸில் தொடங்குவது

உங்களுக்கு மிகவும் பிடித்த டான்ஸ் முதல் டான்ஸாக இருக்க வேண்டியதில்லை. பிடித்தது பெரும்பாலும் கஷ்டமானதாக இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஆடுபவர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும், கை அசைவு அதிகமாகவும் கால் வேலை குறைவாகவும் இருக்க வேண்டும், சுற்றுவது, குதிப்பது, தரையில் உட்கார்ந்து எழுவது எதுவும் இருக்கக் கூடாது. பாட்டு உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததாக இருந்தால் பாதி சுமை குறையும், ஏனென்றால் எந்த வரியில் எது வரும் என்பதைக் காதே நினைவூட்டிவிடும்.

அதே டான்ஸை நூறு பேர் ஆடியிருப்பார்கள். தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள் தெரிகிற வீடியோவைத் தேடுங்கள். முட்டிக்குக் கீழே வெட்டுப்பட்ட வீடியோவில் கற்கவே முடியாது. முடிந்தால் அந்த டான்ஸை முதலில் அமைத்தவரின் வீடியோவைப் பாருங்கள். கைமாறிக் கைமாறி வரும்போது சின்னச் சின்ன அசைவுகள் உதிர்ந்துபோகும், மூலத்தில்தான் அவை தெளிவாக இருக்கும்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019-இல் உலகம் முழுவதும் பரவிய ‘ரெனகேட்’ என்ற டான்ஸை அமைத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஜலாயா ஹார்மன். அப்போது அவருக்கு வயது 14. டிக்டாக்கில் லட்சக்கணக்கானோர் அதை ஆடினார்கள், பெரிய கணக்குகள் அதனால் இன்னும் பெரிதாயின, ஆனால் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. அதே மாதம் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆல்ஸ்டார் போட்டியில் அவரே வந்து ஆடினார். பலர் இன்று வீடியோவின் கீழே டான்ஸ் அமைத்தவரின் பெயரைக் குறிப்பிடுகிறார்கள். தொடக்கத்திலேயே இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு எட்டை யோசித்து அமைப்பது எவ்வளவு வேலை என்பது ஆடிப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

இடம், வலம் குழப்பம்

தொடக்கத்தில் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எதிரே நின்று ஆடுபவரின் வலது கை திரையின் இடப்பக்கம் தெரியும். அதைக் கண்ணாடி மாதிரி நினைத்து அப்படியே செய்தால் உங்கள் இடது கை போகும். ஆனால் சிலர் வீடியோவை ஏற்கெனவே மிரர் செய்து, அதாவது இடவலம் திருப்பி, போட்டிருப்பார்கள். அதில் திரையின் வலப்பக்கம் தெரியும் கையைப் பார்த்து நீங்கள் வலது கையைத் தூக்கினாலே போதும்.

எது எப்படி என்று கண்டுபிடிக்க, வீடியோவில் எழுத்தைத் தேடுங்கள். டீ-ஷர்ட்டிலோ சுவரிலோ இருக்கும் எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தால் அது மிரர் வீடியோ. எழுத்து சரியாகப் படிக்க வந்தால் அது நேர் வீடியோ. நேர் வீடியோவாக இருந்தால் எடிட்டிங் ஆப் ஒன்றில் போட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.

தனியாக ஆடப்போகிறீர்கள் என்றால் இடம் வலம் மாறினாலும் ஒன்றும் ஆகாது. கண்ணாடி மாதிரியே ஆடிவிட்டுப் போகலாம். நண்பர்களோடு சேர்ந்து ஆடும்போதுதான் இது முக்கியம், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் கை படும். எதுவாக இருந்தாலும் முதல் நாளே ஒரு பக்கத்தை முடிவு செய்துவிட்டு, கடைசிவரை அதை மாற்றாமல் இருங்கள். நடுவில் மாற்றினால் கற்றதை முதலில் மறக்க வேண்டும், அது கற்பதைவிடக் கடினம்.

முதல் நாள்: காதும் காலும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியைச் சொல்லி யாராவது உங்களை அடக்கியிருக்கலாம். ஆனால் தொடக்கத்தில் கூடமும் முக்கியம்தான். கைகளை இரண்டு பக்கமும் நீட்டினால் எதிலும் இடிக்காத அளவு இடம் போதும். வழுவழுப்பான தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள், கால் வழுக்கும். வெறுங்காலோ ஷூவோ போதும். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, தோள், கழுத்து, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் மெதுவாகச் சுழற்றிச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது வீடியோவைப் பார்க்காமல் பாட்டை மட்டும் போடுங்கள். ஆட வேண்டாம். பீட்டுக்கு ஏற்றபடி நின்ற இடத்தில் நடங்கள், வாய்விட்டு ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். ‘ஒன்’ எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். எட்டு முடிந்து மறுபடி ஒன்று வரும்போது பாட்டில் ஏதோ ஒன்று புதிதாகத் தொடங்கும், ஒரு வரியோ ஒரு தட்டோ. அது பிடிபடும்வரை கேட்டுக்கொண்டே நடங்கள். சில அசைவுகள் இரண்டு எண்ணுக்கு நடுவிலும் விழும், அதை ‘ஒன் அண்ட் டூ’ என்று எண்ணுவார்கள். வேகமாக இரண்டு தட்டு வரும் இடங்களில் அந்த ‘அண்ட்’ இருக்கும்.

அடுத்து கால் மட்டும். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் எட்டின் கால் வேலையை மட்டும் பாருங்கள். எல்லோரும் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் கை தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கால்தான்.

நான் முதலில் கற்ற டான்ஸில் மூன்றாவது எட்டின் ஐந்தாவது கவுண்டில் வலது காலைத் தூக்கிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அங்கேதான் சிக்கினேன். கை சரியாகப் போகும், கால் மட்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். இருபது தடவையாவது முயன்றிருப்பேன். கடைசியில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஆடுபவரின் இடுப்பை மட்டும் பார்த்தேன். நான்காவது கவுண்டில் அவர் இடுப்பு லேசாக இடப்பக்கம் நகர்ந்திருந்தது, வலது குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. உடல் எடை முழுவதும் ஏற்கெனவே இடது காலுக்குப் போய்விட்டது. நானோ அந்தக் கவுண்டில் வலது காலில் நின்றுகொண்டிருந்தேன். எடை இருக்கிற காலை எப்படித் தூக்க முடியும்? நான்காவது கவுண்டில் இடப்பக்கம் சாயக் கற்றதும் ஐந்தாவது தானாக வந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்த ஸ்டெப்பில் சிக்கினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதற்கு முந்தைய கவுண்டில் எடை எந்தக் காலில்? ஆடும்போது கால் தரையைத் தொடுவது இரண்டு விதம். ஒன்று, காலை வைத்து அதன்மேல் நிற்பது. அதில் எடை மாறும், அடுத்து மற்றக் காலைத் தூக்கலாம். இன்னொன்று, நுனியால் தொட்டுவிட்டு எடுப்பது. அதில் எடை மாறாது, அதே காலைத்தான் மறுபடி தூக்க வேண்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வீடியோவில் எது எது என்று பார்த்து, நோட்டில் ‘நில்’, ‘தொடு’ என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலை உங்களுக்கு நாள்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கை, வேகம், இணைப்பு

கால் பார்க்காமல் வர ஆரம்பித்ததும் கை. இதை உட்கார்ந்துகொண்டே கற்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கால் இல்லாமல், கை அசைவை மட்டும் பத்து முறை செய்யுங்கள். பிறகு எழுந்து நின்று இரண்டையும் சேருங்கள். சேர்க்கும்போது முதலில் எல்லாம் கலைந்துபோனதுபோல இருக்கும். அது இயல்பு, மூன்று நான்கு முறைக்குள் கூடி வரும்.

வேகத்தைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. யூடியூபில் செட்டிங்ஸுக்குள் போனால் 0.5, 0.75 என்று வேகத்தை மாற்றலாம். நான் 0.5-ஐ அசைவு எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன், அதோடு சேர்ந்து ஆடுவதில்லை. பாதி வேகத்தில் உடம்பின் சமநிலை வேறு மாதிரி இருக்கும், உதறுகிற அசைவெல்லாம் இழுவையாகிவிடும். பாட்டே இல்லாமல் வாயால் எண்ணிக்கொண்டு, உங்களுக்கு வசதியான வேகத்தில் ஆடுவதுதான் நல்லது. அது சரளமானதும் 0.75, அப்புறம் முழு வேகம்.

ஒவ்வொரு எட்டும் தனித்தனியாக நன்றாக வரும், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மூளை வெறுமையாகிவிடும். இதற்கு முழு டான்ஸையும் முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஆடிப் பயனில்லை. முதல் எட்டின் ஏழு, எட்டு, அடுத்ததன் ஒன்று, இரண்டு, இந்த நான்கு கவுண்டை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். எப்போதும் தொடக்கத்திலிருந்தே பழகினால் முதல் எட்டு மட்டும் பளபளப்பாகும், கடைசி எட்டு மங்கலாகவே இருக்கும். அதனால் சில நாள் கடைசி எட்டை முதலில் பழகுங்கள், பிறகு அதற்கு முந்தையதைச் சேர்த்துக்கொண்டே பின்னால் வாருங்கள். இப்படிச் செய்தால், ஆட ஆடத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள். பதற்றம் உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நேரம்? ஒரே நாளில் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, தினம் இருபது நிமிடம் நான்கைந்து நாள் போதும். உடல் அசைவுகளைப் பழகிய பிறகு தூங்கி எழுந்தால் அவை இன்னும் நன்றாகப் பதிகின்றன. நேற்று வராத ஸ்டெப் இன்று காலையில் சட்டென்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இடையில் டான்ஸ் கலைஞர்கள் ‘மார்க்கிங்’ செய்வார்கள், அதாவது முழுதாக ஆடாமல் விரலாலும் தலையாலும் சின்னதாக அசைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். வரிசையில் நிற்கும்போது, பாத்திரம் கழுவும்போது இதைச் செய்யலாம். யாருக்கும் தெரியவே தெரியாது. கூச்சப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

சரியாக ஆடியும் நன்றாக இல்லையே என்றால்

ஸ்டெப் எல்லாம் சரி, ஆனாலும் ஏதோ குறைகிறது என்று தோன்றும். பெரும்பாலும் மூன்று இடத்தில் பார்த்தால் போதும்.

முட்டி. பயந்தால் நாம் முட்டியை விறைப்பாக வைத்துக்கொள்வோம். லேசாக மடக்கி, பீட்டுக்குத் தகுந்தபடி கொஞ்சம் எழுந்து தாழ விடுங்கள். மொத்த உடம்பும் பாட்டுக்குள் வந்துவிடும். மூட்டுக்கும் இதுதான் நல்லது.

அப்புறம் கையின் முடிவு. கூச்சப்படும் உடம்பு அசைவை முக்கால்வாசியில் கைவிட்டுவிடும், முழங்கை பாதி மடங்கியே நிற்கும், விரல்கள் தளர்ந்து தொங்கும். நீட்ட வேண்டிய இடத்தில் விரல் நுனிவரை நீட்டுங்கள், நிறுத்த வேண்டிய இடத்தில் கண நேரமாவது முழுதாக நிறுத்துங்கள். பெரிதாக ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. சின்ன அசைவாக இருந்தாலும் அதை முடித்துவிட வேண்டும். பாதியில் விட்ட அசைவுதான் ‘இவருக்கு ஆட வரவில்லை’ என்ற தோற்றத்தைத் தருகிறது, சின்ன அசைவு அல்ல.

மூன்றாவது பார்வை. தரையைப் பார்க்காதீர்கள். எதிரே சுவரில் கண் உயரத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து ஆடுங்கள். சிரிக்க வரவில்லையென்றால் பாட்டுக்கு வாயசையுங்கள், முகம் தானாகத் தளர்ந்துவிடும்.

இதோடு, டான்ஸ் பழகாத நாளிலும் ஐந்து நிமிடம் உடம்பைப் பகுதி பகுதியாக அசைத்துப் பழகுவது நல்லது. தோள் மட்டும் முன்னும் பின்னும், நெஞ்சு மட்டும் பக்கவாட்டில், இடுப்பு மட்டும் வட்டமாக, மற்றதெல்லாம் அசையாமல். முதல் வாரம் நெஞ்சு அசையவே அசையாது. விடாமல் செய்தால் அசையும். எங்காவது கூர்மையாக வலித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், தசைப் பிடிப்பான வலி வேறு, மூட்டு வலி வேறு.

கேமரா

கேமராவை முதல் நாளே வைக்காதீர்கள். பாட்டு இல்லாமல், வீடியோ பார்க்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று முறை நிற்காமல் ஆட வந்த பிறகு எடுங்கள்.

போனை நெஞ்சு உயரத்தில், நிமிர்த்தி, அசையாமல் சாய்த்து வையுங்கள். தரையில் வைத்தால் கால் பெரிதாகவும் தலை சின்னதாகவும் தெரியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் உடம்பு முழுவதும் ஃபிரேமுக்குள் வரும். கையைத் தலைக்கு மேல் தூக்கும் ஸ்டெப் இருந்தால் அதற்கும் இடம் விடுங்கள். கீழ்ப்பகுதியில் ஆப்பின் எழுத்துகள் வந்து மூடும், அதனால் பாதம் அடிவிளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது. வெளிச்சம் உங்கள் முகத்தின் மேல் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் நிழலுருவம்தான் பதிவாகும். ஆப்பிலேயே 3 அல்லது 10 விநாடி டைமர் இருக்கும், 10 விநாடியை வையுங்கள், ஓடி வந்து மூச்சு வாங்காமல் நிற்க நேரம் கிடைக்கும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. புளூடூத் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பாட்டைக் கேட்டுக்கொண்டு ஆடினால், ஒலி உங்கள் காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். நீங்கள் சரியாகத்தான் ஆடியிருப்பீர்கள், ஆனால் வீடியோவில் எல்லா ஸ்டெப்பும் பீட்டுக்குப் பின்னால் விழும். உங்களுக்குத் தாளம் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

செல்ஃபி கேமராவில் எடுக்கும்போது திரையில் கண்ணாடி மாதிரித் தெரியும், சேமித்த பிறகு சில ஆப்களில் திரும்பிவிடும். திடீரென்று முகமும் ஆட்டமும் வேறு மாதிரித் தெரிந்தால் அதுதான் காரணம்.

எடுத்த உடனே பார்க்காமல், ஒரு தண்ணீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். முதல் முறை காலை மட்டும் பாருங்கள். இரண்டாவது முறை கையை மட்டும். முகத்தைக் கடைசியில் பாருங்கள். மொத்தமாகப் பார்த்தால் ‘ஐயோ’ என்றுதான் தோன்றும், பகுதி பகுதியாகப் பார்த்தால் திருத்த வேண்டிய இடம் தெரியும். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் போதும்.

போடுவதா, வேண்டாமா

போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எனக்கு நிறைவாக வந்த வீடியோக்களில் பாதி இன்னும் டிராஃப்டில்தான் இருக்கின்றன. போட விரும்பினால் படிப்படியாகப் போங்கள். முதலில் உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அப்புறம் நம்பிக்கையான ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள், விமர்சனம் கேட்காமல். பிறகு நெருங்கியவர்களுக்கு மட்டும். பொதுவில் போடும்போது கருத்துகளை மூடிவைக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பின்னணியில் வீட்டு எண்ணோ, பள்ளிச் சீருடையோ, குழந்தைகளின் முகமோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள் என்ற எண்ணத்தைப் பற்றி உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் இருந்தவர்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர் ஒருவருக்குச் சங்கடமான படம் போட்ட டீ-ஷர்ட்டை மாட்டி, ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உங்கள் ஐந்தாவது கவுண்டில் இடது கை கொஞ்சம் தாமதமாக வந்தது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது கண்ணிலேயே படாது.

இரண்டாவது டான்ஸைத் தேடும்போது, முதலாவதில் வந்த இரண்டு மூன்று அசைவுகள் இருக்கிற ஒன்றாக எடுங்கள். இந்த டான்ஸ்களில் ஒரே அசைவுகள் வேறு வேறு வரிசையில் திரும்பத் திரும்ப வரும். எனக்கு முதல் டான்ஸுக்கு ஒன்பது நாள் ஆனது. இரண்டாவதில் ‘தண்ணீரை உதறு’ அப்படியே இருந்தது, ‘தோளைத் தட்டு’ இடப்பக்கமாக மாறியிருந்தது. நான்காம் நாள் மாலை பாட்டை முழு வேகத்தில் வைத்து ஆடி முடித்தேன்.